மங்களவிலாஸ் கம்பெனியின் வாசக்கால்

எங்க வீட்டுக்காரர் திருவேங்கடம் அம்பத்தூர் ஸ்டேஷனில் போர்ட்டர். நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரை மாசம், ஜப்பான்காரன் மெட்ராஸ் மேலே குண்டு போடப் போகிறான் என்று பேச்சு கிளம்பியதும், பட்டணத்து ஜனத்தில் பாதி ரயிலேறி மேற்கே வந்துவிட்டது. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கொண்டுவந்தார்கள். ஒரு குடும்பம் அம்மியையும் கொண்டுவந்தது. அத்தனையும் இறக்கிய முதுகு எங்க வீட்டுக்காரருடையது.

ஊரில் இடம் ஏது? எங்க தெருவில் மாட்டுக்கொட்டகைக்கு மாசம் ஏழு ரூபாய் வாடகை. மாடு வெளியே வெயிலில் நின்றது, கோர்ட்டு குமாஸ்தா உள்ளே நிழலில் படுத்தார். எருமைப்பால் படிக்கு இரண்டணா கூடுதலாக விற்றது. என் எருமை ஒரு மாசத்தில் கறந்த காசு அதற்கு முன்னால் ஒரு வருஷத்தில் கறந்ததில்லை. முன்னே சேர்த்ததோடு இதையும் கூட்டி எண்பது ரூபாய், அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன்.

அது ஓட்டுக் காசு, கூரைக்கு ஓடு வாங்க. எங்க வீடு மண்சுவர், கீற்றுக் கூரை. முந்தின வருஷம் ஐப்பசியில் ஐந்து இடத்தில் ஒழுகி, ஐந்து பாத்திரம் வைத்து, ஆறாவது இடத்தில் கடைசிப் பிள்ளை தலைக்கு மேலே முறத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியும் அதற்கு மார்ச்சளி கட்டி இருபது நாள் காய்ச்சல். பிள்ளை பிழைத்தது பெரிய காரியம். அடுத்த ஐப்பசிக்குள் கூரை ஒழுகாமல் செய்வேன், மங்களூர் ஓடு போடுவேன் என்று அன்றைக்கே தீர்மானம் செய்துகொண்டேன்.

வைகாசி முதல் வாரத்தில் ராஜசேகரன் என்று ஒருத்தர் ரயிலில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, குடை, தோல்பை, விரலில் பெரிய மோதிரம். ஸ்ரீ மங்களவிலாஸ் வீடு கட்டும் கம்பெனி லிமிடெட், அதற்கு அவர்தான் மானேஜர். அம்பத்தூர், சேக்காடு, அயனம்பாக்கம் மூன்று ஊரிலும் நூறு வீடு கட்டி வாடகைக்கு விடப் போகிறார்களாம். ஷேர் ஒன்று பத்து ரூபாய். எங்க வீட்டுக்காரர் கையில் ஓரணாவைக் கொடுத்து, "மிஸ்டர் திருவேங்கடம்" என்று கூப்பிட்டிருக்கிறார். பிறந்ததிலிருந்து அவரை யாரும் மிஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல் எண்பது ரூபாய்க்கு விலை போனது.

நான் பால் ஊற்றப் போயிருந்த நேரத்தில் பானைக்கு அடியிலிருந்து பணம் எட்டு ஷேர்க் காகிதமாக மாறியிருந்தது. காகிதத்தில் ஒரு மாடிவீட்டுப் படம். அந்தப் படத்து வீட்டுக்கு ஓடு போட்டிருந்தது.

"ஐப்பசிக்குள்ள பத்து ரூபா பதினஞ்சா எகிறிடும்மே," என்றார். "ஓடும் போட்டுக்கலாம், உனக்கு ஒரு மூக்குத்தியும் ஆச்சு."

"ஐப்பசிக்குள்ள எகிறலைன்னா?"

"எப்டி எகிறாம பூடும்? தெனம் எத்தினி படுக்கை மூட்டை எறங்குது, நான் தூக்கறேன், எனக்குத் தெரியாதா?"

அதுதான் அவருடைய கணக்கு. மெட்ராஸிலிருந்து வந்து இறங்கும் படுக்கை மூட்டை அதிகமானால் கம்பெனிக்கு நல்ல காலம். மூட்டை திரும்பிப் போனால் கெட்ட காலம். ராத்திரி சோற்றுக்கு உட்காரும்போது, "இன்னிக்கு முப்பத்தேழு எறக்கம், நாலு ஏத்தம்," என்பார். அதற்கு மேலே ஜப்பான்காரன் யோசனை. "அவன் வந்துட்டான்னா கம்பெனி பூடும். வரவே மாட்டான்னு தெரிஞ்சாலும் பூடும். வர்ற மாரியே இருக்கணும், வரக்கூடாது." அம்மன் கோயிலில் ஜப்பான்காரன் நடுக்கடலிலேயே நிற்க வேண்டும் என்று சூடம் ஏற்றிவிட்டு வந்தார். உலகத்தில் வேறு யாரும் அப்படி வேண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அந்த மாசக் கடைசியில் பனந்தோப்புக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் முதல் வீட்டுக்கு வாசக்கால் வைத்தார்கள். மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கப் பிள்ளைகுட்டியோடு வாழ்கிற சுமங்கலி வேண்டுமென்று ராஜசேகரன் கேட்டாராம். எங்க வீட்டுக்காரர் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். தேக்கு வாசக்கால், ஏழடி உயரம், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பூந்தமல்லி மரக்கடை பஷீர் அகமது பாய் செய்து கொடுத்தது. அவரும் நூறு ரூபாய்க்கு ஷேர் வைத்திருந்தார். அதை வண்டியில் ஏற்றி வந்தவன் வேம்புலி, எங்க தெரு மாட்டுவண்டிக்காரன். அவனிடமும் ஒரு ஷேர்.

மாவிலை கட்ட நூல் இல்லை. நூறு வீடு கட்டுகிற கம்பெனி காலணா நூல் வாங்கி வரவில்லை. என் ஊதாச் சேலை ஓரத்திலிருந்து இழை உருவித் தோரணத்தை ஆணியில் கட்டினேன். அடியில் நவதானியமும் செப்புக் காசும் போட்டோம். எனக்குத் தேங்காயும் ரவிக்கைத் துண்டும் வெற்றிலையில் ஒரு ரூபாயும் கிடைத்தது. ஜனம் கும்பிட்டது. அன்றைக்கு மட்டும் ஷேர் பன்னிரண்டு போனதாம்.

ஆடி மாசம் சேக்காட்டில் அடுத்த வாசக்கால். ஆடியில் செய்யலாமா என்று யாரோ கேட்டதற்கு, வாஸ்து நாள் பார்த்தாயிற்று என்றார் ராஜசேகரன். என் கையால் வைத்த முதல் வாசக்கால் ராசியாக இருந்ததால் என்னையே கூப்பிட்டார். இன்னொரு ரவிக்கைத் துண்டு வரும் என்று நானும் கிளம்பினேன். கட்டைக்கு மஞ்சள் பூசிக்கொண்டே மேலே கை போனபோது, மேல்கட்டை ஆணியில் ஏதோ சுற்றியிருந்தது. பார்த்தால் ஊதா நூல். என் சேலை ஓரத்து நூல், நான் போட்ட முடிச்சு.

இரண்டு விரலால் அதைத் தடவிப் பார்த்தேன். அப்புறம் குங்குமம் வைத்தேன். தேங்காயை வாங்கிக்கொண்டேன். ரவிக்கைத் துண்டையும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது பனந்தோப்புப் பக்கம் போய்ப் பார்த்தேன். வாசக்கால் நின்ற இடத்தில் இரண்டு குழி இருந்தது. ஒன்றில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. மங்களவிலாஸ் கம்பெனியில் முதலில் குடியேறிய குடும்பம் அதுதான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். தன் பங்குக்கு இவரும் ஒன்றைக் கக்கினார். பத்து நாளாக ஏற்றம்தான் அதிகமாம். குண்டும் விழவில்லை, ஜப்பான்காரனும் வரவில்லை, மெட்ராஸ்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறார்களாம். என்னிடம் சொல்லப் பயந்துகொண்டு இறக்கக் கணக்கை மட்டும் சொல்லிவந்திருக்கிறார்.

"யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடி நம்ம ஷேரை யார் தலையிலயாவது கட்டிடணும்," என்றேன்.

நல்லவளாக இந்தக் கதையைச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அதைச் சொன்னது நான்தான், இவர் இல்லை. முறத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் கண் முன்னால் நின்றது. வேறு யார் குடும்பம் நனைந்தாலும் எனக்கென்ன என்று தோன்றிவிட்டது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

யார் தலையில் கட்டுவது? பஷீர் பாய்தான் கையில் காசுள்ளவர். ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி போகலாம் என்று இவர் வேட்டியைத் துவைத்துக் காயப் போட்டிருந்தார். வேட்டி காய்வதற்குள் வாசலில் வேம்புலியின் வண்டி நின்றது. பாயே இறங்கினார், கையில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு.

காய்ந்த நிலத்தில் மழை வந்தமாதிரி இவர் பல்லைக் காட்டினார். "வா பாய், உன்னைத்தான் நெனச்சுகினு இருந்தேன். கம்பெனி எப்டி கீது?"

"ஓகோன்னு கீது," என்றார் பாய். "அடுத்த வருசம் இந்த நேரம் பாரு, ஆவடி வரைக்கும் நம்ம ஊடுங்கதான். இன்னா, எனக்குக் கடையில கொஞ்சம் முதல் தேவைப்படுது. என் ஷேரு வேத்தாளுக்குப் போறதுக்கு நீயே எடுத்துக்கயேன். பத்துக்கு வாங்கினது, பத்துக்கே தரேன்."

"அடடா, நான் உனக்கு ஒம்போதுக்குத் தரலாம்னு இல்ல கீறேன். நமக்குள்ள லாபம் இன்னாத்துக்கு?"

"எட்டரைக்கு என்னுதை வாங்கிக்க. தங்கமான கம்பெனி."

"தங்கமா? வைரம் பாய். ஏழுக்கு எடுத்துக்க."

கம்பெனியின் பெருமை ஏற ஏற விலை இறங்கியது. பாய் அதை ராஜாங்கம் என்றபோது ஆறு ரூபாய். இவர் பரம்பரைச் சொத்து என்றபோது ஐந்து. நாலரையில் பாய் பேரீச்சம்பழத்தையும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொன்னார். மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்த வேம்புலி இடையில் புகுந்து, "அண்ணாத்தே, என்னுது ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு ரூபா குடு, போதும்," என்றான்.

மோர் கொண்டுவந்த எனக்குப் பொறுக்கவில்லை. "இவ்ளோ நல்ல கம்பெனியை ஏன் ஆளாளுக்குத் தொரத்துறீங்க?" என்றேன்.

மூன்று பேரும் மோரைக் குடித்தார்கள். ரொம்ப நேரம் குடித்தார்கள்.

கடைசியில் வேம்புலிதான் வாயைத் திறந்தான். "அண்ணி, அந்த வாசக்காலை நான் மூணு தபா ஏத்திட்டேன். பாய் கடையிலேர்ந்து இங்க. இங்கேர்ந்து சேக்காடு. நேத்து சேக்காட்லேர்ந்து அயனம்பாக்கம், சாக்கு போட்டு மூடிகினு. மொதல்ல எழைக்க எடுத்துகினு போறாங்கன்னு நெனச்சேன்."

"நான் குடுத்தது ஒண்ணுதான்," என்றார் பாய், குரல் இறங்கி. "சேக்காட்லயும் வெச்சாங்கன்னு கேட்டதும் வேற கடையில வாங்கிட்டாங்கன்னு எனக்குக் கோவம்தான் வந்துச்சு. சந்தேகம் வரலை. அப்பறம் விசாரிச்சா, வேற எந்தக் கடையிலயும் வாங்கலை."

நான் ஊதா நூலைச் சொன்னேன். இவர் மூட்டை ஏற்றத்தைச் சொன்னார். ஆளுக்கு ஒரு துண்டு தெரிந்திருக்கிறது. மற்றவன் ஷேர் வைத்திருக்கிறானே, அவனுக்குத் தெரியாதா என்று ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் தைரியமாக இருந்திருக்கிறோம். இன்னொன்றும் வெளியே வந்தது. பாய்க்கு வாசக்கால் விலைக்குப் பதிலாகத்தான் அந்தப் பத்து ஷேர். வேம்புலிக்கு வண்டிக் கூலிக்குப் பதிலாக ஒன்று. இந்த மூன்று பேரில் ரொக்கமாக எடுத்துக் கொடுத்த புத்திசாலி எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான்.

"போலீசுக்குப் போலாமா?" என்றான் வேம்புலி.

"எங்க ரயிலு ஸ்டேசன்ல தெரிஞ்சா சிரிப்பாங்கடா," என்றார் இவர்.

"கோர்ட்டுக்குப் போனா வக்கீலுக்கு ஒரு ஊடு கட்டிக் குடுக்கணும்," என்றார் பாய்.

அயனம்பாக்கத்தில் ஆவணி முதல் வெள்ளிக்கிழமை வாசக்கால். எனக்கு அழைப்பு வந்திருந்தது. "நீங்க மூணு பேரும் வந்து கூட்டத்தோட நில்லுங்க. வாயை மட்டும் தெறக்காதீங்க," என்றேன்.

ஏரிக்கரை ஓரத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஐம்பது குடியானவர்கள் மடியில் காசோடு வந்திருந்தார்கள். நெல் விற்ற காசு, முடிச்சு முடிச்சாக. அத்தனையும் யாரோ ஒருத்தியின் ஓட்டுக் காசுதானே. நாலரை ரூபாய்க்கு என் காகிதத்தை இவர்களில் ஒருத்தர் தலையில் கட்டியிருப்பேன் என்று நினைத்தபோது என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு மஞ்சளைக் குழைத்தேன்.

குழியில் நவதானியம் போட்டார்கள். ராஜசேகரன் செப்புக் காசை எடுத்தார்.

"செம்பு வேணாங்க," என்றேன், எல்லாருக்கும் கேட்கிறமாதிரி. "முன்னாடி செம்புதான் வெச்சோம், இன்னும் சொவரு எழும்பலை. மொதலாளி கையால பொன் வெக்கணும்."

"ஆமா, பொன் வெக்காம எங்க ஊர்ல நெலை நிறுத்தறதில்ல," என்றார் ஒரு பெரியவர். கூட்டம் தலையை ஆட்டியது.

ராஜசேகரன் கூட்டத்தின் மடியைப் பார்த்தார், மோதிரத்தைப் பார்த்தார். நாளைக்கு வாசக்காலைப் பிடுங்கும்போது எடுத்துக்கொண்டால் போகிறது என்று கணக்குப் போட்டது அவர் முகத்திலேயே தெரிந்தது. மோதிரத்தைக் கழற்றிக் குழியில் போட்டார். வாசக்காலை நிறுத்தி மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். நான் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அதற்கு முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"எழுந்திரும்மா, முடிஞ்சுதே," என்றார்.

"எப்டிங்க எழுந்திருக்கறது? பொன் வெச்ச வாசக்காலுக்குச் சொவரு மொழங்கால் அளவு எழும்பற வரைக்கும் மஞ்ச பூசினவ காவல் இருக்கணுமே. எழுந்து போனா பணம் போட்டவங்க குடும்பத்துக்கு ஆவாது."

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. உட்கார்ந்த இடத்தில் நானே உண்டாக்கினேன். ஆனால் கூட்டத்தில் கன்னியம்மா என்று ஒரு கிழவி உடனே, "எங்க அத்தைகூட அப்டித்தான் சொல்லுவா," என்றாள். அதற்குமேல் சாட்சி என்ன வேண்டும்? அவிழ்ந்த முடிச்செல்லாம் திரும்ப மடிக்குள் போனது. "அப்போ சொவரு எழும்பட்டும் சாமி, அப்பறமா பணம் குடுக்கறோம். இன்னா அவசரம்?" என்றார் பெரியவர்.

ராஜசேகரன் சிரித்தார், கெஞ்சினார், வாஸ்து சாஸ்திரம் பேசினார். வெயில் தாழும் வரை காத்திருந்தார். நான் அசையவில்லை. கடைசியில் கொத்தனாரைக் கூட்டிவருகிறேன் என்று ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். அவர் பையை எங்க வீட்டுக்காரர்தான் ரயிலில் ஏற்றினார். அன்றைக்கு மிஸ்டரும் இல்லை, ஓரணாவும் இல்லை.

மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். ஊர்ப் பெண்கள் கூழும் கருவாடும் கொண்டுவந்து தந்தார்கள். கொத்தனாரும் வரவில்லை, மானேஜரும் வரவில்லை. நாலாம் நாள் ஊரைக் கூட்டி நடந்ததைச் சொன்னேன். ஊதா நூலையும் சொன்னேன், விற்கப் பார்த்ததையும் மறைக்கவில்லை. யாரும் திட்டவில்லை. கன்னியம்மா மட்டும், "அந்தக் காவல் வழக்கம் நெஜந்தானே?" என்று கேட்டாள். நிஜம் என்றேன்.

வாசக்காலைப் பிடுங்கி மோதிரத்தை எடுத்துத் தட்டானிடம் கொடுத்தோம். ஒரே உரசலில் பித்தளை பல்லைக் காட்டியது. இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஓட்டுக் காசு திரும்பிவிடும் என்று மூன்று நாளாக நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

மிச்சம் இருந்தது வாசக்கால்தான். நியாயப்படி அது பாயுடையது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"மஞ்சா உள்ள ஊறிப்போச்சு. இதை இனிமே எவன் வாங்குவான்? கடையில வெச்சா எடத்தை அடைக்கும்," என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "நீ எடுத்துகினு போ தங்கச்சி," என்றார்.

இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்தால் மஞ்சள் போய்விடும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் கும்பிட்டேன். வேம்புலி நாலாவது தடவையாக ஏற்றினான். "கூலி வேணாம் அண்ணி. ஷேரும் வேணாம்," என்றான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் இன்னொரு வம்பு. எங்க முன்சுவர் நாலரை அடி, வாசக்கால் ஏழடி. கீழே இரண்டரை அடி அறுத்துவிடலாம் என்று இவர் ரம்பத்தை எடுத்தார். "என் தேக்கை அறுத்தா உன்னை அறுப்பேன்," என்றார் பாய். வேறு வழியில்லை, சுவரை உயர்த்த வேண்டியதாயிற்று. அயனம்பாக்கத்துக்காரர்கள் ஏரி மண் கொடுத்தார்கள், வேம்புலி வண்டி கட்டினான். புரட்டாசி முழுக்க நானும் இவரும் மண் மிதித்தோம். சுவர் உயர்ந்ததும் பழைய கூரை எட்டவில்லை. பாய் கடையில் விலைபோகாத மூங்கிலை வாங்கி வந்து, ஊரில் கீற்றுக் கடன் கேட்டு, புதிதாகவே வேய்ந்தோம். முன்பக்கம் அண்ணாந்து பின்பக்கம் தாழ்ந்து, வீடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. தெருவில் சிரித்தார்கள்.

ஐப்பசி இரண்டாம் தேதி நடுப்பகலில் மழை கொட்டியது. நான் வழக்கப்படி ஐந்து பாத்திரத்தையும் ஐந்து இடத்தில் வைத்தேன். முறத்தை எடுத்துக்கொண்டு கடைசிப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தேன். கூரை மேலே மழை ஓடுகிற சத்தம் கேட்டது. நல்ல சரிவாக வேய்ந்ததால் தண்ணீர் நிற்காமல் வழிந்து பின்பக்கம் விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாழிகை போனது. பாத்திரம் ஐந்தும் காய்ந்து கிடந்தன. பிள்ளை தூங்கிவிட்டது.

இவர் டிரங்குப் பெட்டியிலிருந்து ஷேர்க் காகிதத்தை எடுத்து, படத்தையும் வாசக்காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பாத்தியா, ஐப்பசிக்குள்ள கம்பெனி ஊடு கட்டிக் குடுத்துடுச்சு," என்றார். என்றைக்கும் இல்லாமல் எனக்குக் கோபம் வரவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, பாத்திரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தேன். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"இன்னாமே, எதுக்கு அழுவுற?"

"எண்பது ரூபா போச்சேன்னுதான்," என்றேன். பொய்தான் சொன்னேன்.